எட்டெழுத்து வரை

யூலிஷில் நவம்பர்.
சர்க்கரை ஆலையில் பீட் கிழங்கு வேகிற வாடை
பேருந்தில் என் கம்பளிக் கோட்டில் ஏறி
மூன்றாம் மாடிவரை இறங்கவே இல்லை.

மேசைமேல் எனக்கென ஒரு வொர்க்ஸ்டேஷன்.
அந்தத் திரையைத் தூக்கி வைக்க
இரண்டு ஆள் வேண்டியிருந்ததாம்.
பெயர் இன்டே.
எனக்காக வைத்ததில்லை; ஊர்ப்பக்கம்
ரூர் ஆற்றில் விழுகிற சிற்றாறு அது.
பக்கத்து மேசைக் கணினி ரூர்.
பிரின்டர் ரைன். அதில்தான் அடிக்கடி காகிதம் வற்றும்.

"எட்டெழுத்துக்கு மேல் யூனிக்ஸ் ஏற்காது"
என்றார் நோல்டன்.
ஆங்கிலத்தில் என் பெயரை விரல்விட்டு எண்ணி
எட்டாவதில் நறுக்கினார்.
கயல் பிழைத்தது. விழியில் பாதி பிழைத்தது.
ழகரம் நின்ற இடத்தில் மொட்டையாய் ஓர் இசட்.
ஜெர்மன் நாக்கில் நான் கயல்விட்ஸ்.
விட்ஸ் என்றால் இங்கே சிரிப்புத் துணுக்கு.
அவரே சிரித்தார், அவரே விளக்கினார்,
சாவிக்கொத்தை ஆட்டியபடி போய்விட்டார்.

விட்டுப்போன தாளில் நான்கு வரி:
அவிழ். உள்ளே போ. ஓட்டு. ஒப்புக்கொள்.

அவிழ்த்தேன். கோப்புப் பெயர்கள்
சரக்கு ரயில் போல ஓடி நின்றன.
ஓட்டினேன். நிபந்தனைகள் பக்கம் பக்கமாய்.
கல்யாணப் பத்திரிகையில்
தன் பெயரை மட்டும் தேடுகிறவள் மாதிரி
மேலும் கீழும் பார்த்துவிட்டு
சம்மதம் என்றேன்.

வலை பார்க்க ஒரு ஜன்னல்,
மெயிலுக்கு ஒன்று, பக்கம் எழுத ஒன்று,
முகவரிகளுக்கு ஒன்று,
ஊர்வம்பு படிக்கத் தனியாக ஒன்று.
அஞ்சறைப்பெட்டிதான்.
கடுகுக்குக் கைவிட்டால் வெந்தயம் வருகிறது.

டெர்மினல் மட்டும் பேசவில்லை.
எதைத் தட்டினாலும் எழுத்து விழுந்தது, பதில் எழவில்லை.
கோபமாக்கும் என்று
கொஞ்ச நேரம் விட்டுப் பிடித்தேன்.
அன்னெகிரெட் எட்டிப் பார்த்தாள்:
"வரிக் கடைசியில் பிரெட்ஸெல் போட மறந்துவிட்டாய்."
என் கண்ணுக்கு அது ஜிலேபி.
போட்டேன். பிரவுசர் பின்கட்டுக்குப் போய் ஓடியது;
முன்வாசல் எனக்குக் கிடைத்தது.

நாகப்பட்டினச் செய்திப் பக்கம் ஒன்றைக் கூப்பிட்டேன்.
வந்ததோ
தொப்பி போட்ட ஏ, வால் முளைத்த சி,
கண்ணிரண்டு வைத்த யூ,
தலைகீழாய்த் தொங்குகிற கேள்விக்குறி.
"பிரெஞ்சா?" என்றாள் அன்னெகிரெட்.

ஃபான்ட்டைத் தேடி இறக்கி,
அதற்கொரு அடைவு கட்டி,
அடைவின் வழியைத் திரைக்குச் சொல்லி,
சொன்னதில் ஒரு சாய்கோடு பிசகி,
மறுபடி சொல்லி
ஏழு பத்துக்கு எழுத்துகள் தமிழுக்குத் திரும்பின.
முதல் வரி:
கனமழை காரணமாகப் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை.
சத்தமாகவே படித்துவிட்டேன்.
குப்பைக்கூடை எடுக்க வந்தவர்
"குட்டன் ஆபெண்ட்" என்றார்.

மெயிலில் இரண்டு வரி எழுதியபோது
மௌஸின் நடுப் பொத்தான் பிசகி
எழுதியது அத்தனையும் டெர்மினலில் கொட்டியது.
ஷெல் ஒவ்வொரு சொல்லையும் நின்று விசாரித்தது.
நலமா: அப்படியொரு கட்டளை இல்லை.
சாப்பிட்டாயா: அப்படியொரு கட்டளை இல்லை.

கடைசிப் பேருந்துக்கு ஓடினேன், எதையும் மூடாமல்.

காலையில் அன்னெகிரெட் விடுப்பு.
ஜன்னல் ஓரம் ரூர் காலியாக இருந்தது.
அதில் அமர்ந்து,
இம்முறை ஜிலேபியோடு, ஓட்டினேன்.
எச்சரிக்கை ஒன்று எழும்பியது:
கயல்விட்ஸ் ஏற்கெனவே இன்டேயில் ஓடிக்கொண்டிருக்கிறார்.

பூட்டுக் கோப்பை அழிக்கலாம். ஒரே வரிதான்,
நோல்டன் தாளின் பின்புறம் இருக்கிறது.
அழிக்கவில்லை. எழுந்துபோய் இன்டேயின் மௌஸைத் தொட்டேன்.
இருட்டு விலகியது.
நாகையில் இன்னும் மழை, பள்ளிகளுக்கு இன்னும் விடுமுறை,
நேற்றையது.

கோட்டைக் கழற்றாமலே
ரீலோட் அழுத்தினேன்.
அம்புக்குறி கைக்கடிகாரமானது.